ரொட்டி மூடிய கோப்பை

அந்த சோபாவில் உட்காராதீர்கள், மிருணாளினி. நடுவில் ஸ்பிரிங் போய்விட்டது. எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். போனை இங்கேயே வைக்கலாம். பதிவு செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வக்கீல்கள் கையால் எழுதிக்கொண்டால் பாதியைத் தவறாக எழுதுவார்கள். நீங்களோ சிட்னியிலேயே பிறந்து வளர்ந்தவர், உங்கள் தமிழைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. பதிவே நல்லது.

சஜிதாவின் வக்கீலாக அவளைப் பற்றிப் பேச வந்திருக்கிறீர்கள். அவளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் முதலில் இந்தப் படத்தைப் பற்றிப் பேச வேண்டும். உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்தீர்கள், பிறகு உடனே போனை எடுத்துவிட்டீர்கள். எல்லாரும் அப்படித்தான். சிட்னியில் இந்த டூங்கபிப் பக்கம், இந்தத் தெருவில் இருக்கும் தமிழர் வீடுகளில் கூடத்துச் சுவரில் மாட்டியிருப்பது மகள் அரங்கேற்றத்தில் முத்திரை பிடித்து நிற்கும் படம். இல்லாவிட்டால் குடும்பமே ஓப்பரா ஹவுஸ் முன்னால் நின்று பல்லைக் காட்டும் படம். என் வீட்டில் இது இருக்கிறது. லிட்கமில் ஒரு ரஷ்யக் குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது வாசல் புல்லில் போட்டு வைத்திருந்தார்கள். அச்சுப் பிரதிதான். அதற்குப் பக்கத்தில் கிடந்த பழைய டோஸ்டருக்கு இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள், இதை யாரும் தொடவில்லை.

நன்றாகப் பாருங்கள். குடியானவர் வீடு, குளிர்காலம். மேசையைச் சுற்றிக் குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது. கிழவன் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் நிறுத்தியிருக்கிறான். கிழவி சிலுவைக் குறி போடக் கையை நெற்றிக்குக் கொண்டுபோகிறாள். அந்த இளம்பெண், மருமகளாக இருக்க வேண்டும், பாதி எழுந்துவிட்டாள். எல்லாருடைய கண்ணும் இடது ஓரத்தில் இருக்கும் கதவின் மேல். கதவின் தாழ் சற்றே தூக்கிக்கொண்டிருக்கிறது. யாரோ வெளியிலிருந்து அதைத் தூக்குகிறார்களா, காற்றில் ஆடுகிறதா, தெரியாது. ஓவியன் அந்த நொடியில் நிறுத்திவிட்டான். பார்க்கிறவனுக்கு மூச்சு முட்டும்.

இப்போது மேசையைப் பாருங்கள். ஆள் இல்லாத இடத்தில் ஒரு கண்ணாடிக் கோப்பை இருக்கிறது. அதன் வாயை ஒரு ரொட்டித் துண்டால் மூடி வைத்திருக்கிறார்கள். ரஷ்யர் வீட்டில் ஒருவன் செத்துப்போனால் அவனுக்கு ஒரு கோப்பை ஊற்றி, மேலே ரொட்டி வைப்பது வழக்கம். நாம் செத்தவர் படத்துக்கு முன்னால் செம்பில் தண்ணீர் வைக்கிறோமே, அதே காரியம். ஆக, படத்தின் பொருள் தெளிவானது. இந்த வீட்டுப் பையன் செத்துவிட்டான். கதவுக்கு வெளியே இருப்பது காற்று. ஓவியன் இரண்டு வகை ஆட்களைப் பிரித்து வைக்கிறான்: கோப்பையைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர்கள், கதவைப் பார்த்து ஏமாறுகிறவர்கள். இரண்டாம் வகையை அவன் கேலி செய்கிறான். எனக்கு அந்த ஓவியனைப் பிடித்துப்போனது அதனால்தான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் பின்னறையில் ஓவியம் பார்க்கும் கூட்டம் நடத்திவந்தேன். வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி மீனாம்பாள் சென்னையில் மகளோடு இருக்கிறாள். அவளுக்கு அந்த ஊர் தட்பவெப்பம் ஒத்துக்கொள்கிறது, அவ்வளவுதான், அதில் வேறு எதையும் தேடாதீர்கள். கூட்டத்துக்கு இருபது இருபத்தைந்து பேர் வருவார்கள். ஓவியத்துக்காக வந்தார்கள் என்று சொன்னால் அது பொய். கௌரிசங்கர் என்று ஒருவர், எங்கள் பொருளாளர், எந்தப் படத்தைக் காட்டினாலும் "இது இப்ப என்ன விலை சார் போகும்?" என்று கேட்பார். மற்றவர்கள் சமோசாவுக்கு வருவார்கள். நான் அவர்களுக்கு ஒளியையும் நிழலையும் பற்றிப் பேசுவேன், அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே பார்க்கிங் நேரம் முடிகிறதா என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பிரசன்னா என்ற பையன் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து யூடியூபில் போடுவான். தொடர்புக்கு என்று என் போன் எண் கீழே ஓடும். அந்த எண்ணைப் போடச் சொன்னதும் நான்தான். யாராவது ஒரு நல்ல ரசிகன் உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது கூப்பிட மாட்டானா என்ற நினைப்பு.

அந்தக் கூட்டத்துக்குத்தான் சஜிதா வந்தாள். சமோசா கொண்டுவந்தவளே அவள்தான். வீட்டில் ரோல்ஸ், பற்றிஸ், சமோசா செய்து விழாக்களுக்குக் கொடுக்கும் தொழில் அவளுக்கு. வாய் ஓயாது. சிரித்தால் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருப்பவர்கள் எழுந்து வந்து பார்ப்பார்கள். சாப்பாட்டை வைத்துவிட்டுப் போக வேண்டியவள், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த ரஷ்யப் படத்தைத் திரையில் காட்டி, கோப்பையின் பொருளைச் சொல்லி, கதவுக்கு வெளியே ஒன்றுமில்லை என்று நான் முடித்ததும் கையைத் தூக்கினாள்.

"சேர், ஒரு கேள்வி. செத்தவருக்கு வச்சதெண்டா ஏன் எல்லாரும் கதவைப் பாக்கினம்?"

"நப்பாசை" என்றேன்.

"அந்தப் பிள்ளை எழும்புறதைப் பாருங்கோ சேர். காத்துக்கு ஆராவது அப்பிடி எழும்புவினமே? அவர் செத்திட்டார் எண்டு ஊர் சொல்லியிருக்கும், இவையும் கோப்பையை மூடி வச்சிருப்பினம். இப்ப அவர் வந்து நிக்கிறார். அவளுக்கு அந்தக் காலடி தெரியும், சேர்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கூட்டம் கைதட்டியது. என் கூட்டத்தில் அதுவரை யாரும் எதற்கும் கைதட்டியதில்லை. கௌரிசங்கர் எழுந்து நின்றே தட்டினார். எனக்கு அவமானமாக இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை. வாதமே இல்லாத ஒரு பேச்சுக்கு, வெறும் ஆசைக்குக் கைதட்டுகிறவர்கள் நடுவில் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவளுடைய கதையைப் பிறகு தெரிந்துகொண்டேன். கல்யாணமான மறுவருடம் இலங்கையில் சண்டை முடிந்தது. சோதனைச் சாவடியில் ஆண்களைத் தனியாகப் பிரித்தபோது கணவன் ஜெயதீபன் அந்தப் பக்கம் போனான். அவ்வளவுதான், பிறகு தகவல் இல்லை. மூன்று வருடம் முகாம் முகாமாகத் தேடிவிட்டு இவள் படகேறி இந்த நாட்டுக்கு வந்தாள். தற்காலிக விசாவிலேயே வருடங்கள் போயின. தாலியைக் கழற்றவில்லை, பொட்டை எடுக்கவில்லை. அவன் படத்துக்கு மாலை போடச் சொன்ன உறவுக்காரர்களோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஊரெல்லாம் அவளைப் பார்த்து உருகியது. நம்பிக்கை என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் தன் வாழ்வை வீணடிப்பதை உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுதான் இவர்களுக்கு இரக்கம். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வர ஆரம்பித்தாள். படத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டுமாம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நின்றுகொண்டு மணிக்கணக்கில் வாதாடுவாள். படத்தில் பூனை அடுப்பின் மேல் தூங்குகிறது, அந்நியர் வந்தால் பூனை தூங்குமா என்பாள். நான் பதில் சொல்லுவேன். மிளகாய் போதாது என்று என் சாம்பாரைத் திட்டுவாள். எனக்கு அவள்மேல் எந்த ஈடுபாடும் கிடையாது. அது உங்கள் பதிவில் தெளிவாக இருக்கட்டும். ஞாயிறு காலை நான் உளுந்து ஊறப்போட்டதும் கூடத்தைப் பெருக்கியதும் விருந்தாளிக்கு எவனும் செய்வதுதான்.

ஒரு பிற்பகல் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இந்தோனேசிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"சேர், நான் மேடானிலயிருந்து கதைக்கிறன். உங்கட வீடியோ பாத்தனான். அதில ஒரு பிள்ளை கேள்வி கேக்கிறா, நீலச் சட்டை. அவ என்ர மனுசி, சேர்."

அதற்குமேல் பேச முடியாமல் அழுதான். ஆண்கள் போனில் அழுவது எனக்குப் பிடிக்காது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இஸ்திரியைத் தொடர்ந்தேன். பிறகு விவரமெல்லாம் சொன்னான். சில வருடம் சிறையில் இருந்திருக்கிறான். வெளியே வந்து தேடியபோது, அவள் ஏறிய படகு கடலில் போய்விட்டது என்று ஊரில் சொல்லியிருக்கிறார்கள். நம்பிவிட்டான். அவனும் ஒரு படகைப் பிடித்து, பாதி வழியில் இந்தோனேசியாவில் மாட்டிக்கொண்டு, அகதிகளுக்கென்று கொடுத்த அறை ஒன்றில் கேதீஸ்வரன் என்ற நண்பனோடு பத்து வருடமாக இருக்கிறான். அங்கே வேலைக்குப் போக அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவுக்குள்ளும் விடமாட்டார்கள்.

"ஒவ்வொரு வருசமும் அவவுக்குத் திவசம் செய்யிறனான், சேர். உயிரோட இருக்கிறவவுக்கு" என்று சொல்லிவிட்டு, அழுகைக்கு நடுவிலேயே சிரித்தான்.

அவள்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்தச் சிரிப்பை மறக்க முடியுமா என்றான். நாளைக்குக் கூப்பிடு, சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நான் அவசரப்பட்டு முடிவெடுத்தேன் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க இந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். அவன் இருக்கிறான் என்று நான் அவளிடம் சொன்னால் என்ன நடக்கும்? கூட்டத்தில் அவள் எழுந்து சொல்லுவாள். அத்தனை பேரும் அழுவார்கள், கைதட்டுவார்கள். பார்த்தீர்களா சார், கதவுக்கு வெளியே ஆள் இருந்தான் என்று கௌரிசங்கர் என் முதுகில் தட்டுவார். ஒரு பெரிய ஓவியத்தை இனி எல்லாரும் ஒரு குடும்பப் படத்தின் கடைசிக் காட்சியாகத்தான் பார்ப்பார்கள். அவளோ மேடானுக்குப் போவாள், அல்லது அவனை இங்கே கொண்டுவர உங்களைப் போன்ற வக்கீல்களின் பின்னால் அலைவாள். ஞாயிற்றுக்கிழமை யாரும் பூனையைப் பற்றி வாதாட மாட்டார்கள். எதற்காக இதெல்லாம்? தற்செயலுக்காக. ஒரு வீடியோவை ஒருவன் தற்செயலாகப் பார்த்ததற்காக.

மறுநாள் அவன் கூப்பிட்டான். அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது என்றேன். ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது என்றேன். விவரம் இருந்தால்தான் பொய் நிற்கும்.

வைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

"சந்தோசமா இருக்கிறாவோ, சேர்?"

"இருக்கிறாள்."

"அப்ப சரி. நான் எடுத்தனான் எண்டு அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. குழம்பிப் போவா. அந்த வீடியோவை மட்டும் அழிச்சுப்போடாதேங்கோ, சேர்."

முதல் வேண்டுகோளை நான் கடைசிவரை காப்பாற்றினேன். இதையும் பதிவில் சேருங்கள். அவனே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டான், நான் சொல்லவில்லை. இரண்டாவதைக் காப்பாற்ற முடியவில்லை. ஒருவன் பார்த்ததை இன்னொருவன் பார்க்கலாம் இல்லையா? ஒலி சரியில்லை என்று பிரசன்னாவிடம் சொல்லி அந்த வீடியோவை எடுக்கச் சொன்னேன். ஏன் என்று கூடக் கேட்காமல் எடுத்துவிட்டான். இந்தக் காலத்துப் பையன்களுக்கு எதிலும் அக்கறை கிடையாது.

பிறகு சஜிதாவிடம் பேச வேண்டியிருந்தது. இதில் கொஞ்சம் பொறுமை தேவைப்பட்டது. கதவுக்கு வெளியே காற்றுதான் என்று சொன்னால் அவள் கேட்க மாட்டாள் என்று தெரியும். அதனால் என் விளக்கத்தைச் சற்றே திருத்திக்கொண்டேன். நல்ல விமர்சகன் திருத்திக்கொள்வான்.

"நீ சொன்னது சரி, சஜிதா. வெளியே நிற்பது அந்தப் பையன்தான்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

"ஆனால் உயிரோடு இல்லை. அவனுக்கு வைத்த கோப்பை உள்ளே இருக்கிறது. இவர்கள் ஊற்றி வைத்தார்களே தவிர, அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அவன் தாகத்தோடு வெளியே நிற்கிறான். தாழைத் தூக்க அவனால் முடியவில்லை. இவர்கள் காத்திருக்கும்வரை அவனுக்குப் போக்கிடம் கிடையாது."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரம் வந்து, தண்ணீர் குடித்தால் தொண்டையில் இறங்கவில்லை என்றாள். அதற்கடுத்த வாரம், அவன் கனவில் வந்தான், வாய் காய்ந்திருந்தது என்றாள். காணாமல் போய்ப் பன்னிரண்டு வருடம் கடந்தால் தர்ப்பையால் உருவம் செய்து அதற்குக் கிரியை செய்யலாம் என்று சாஸ்திரம் இருக்கிறது. ஐயரை நான்தான் ஏற்பாடு செய்தேன். ஆற்றங்கரைக்கு என் காரிலேயே கூட்டிப்போனேன். உறவுக்காரர்கள் யாரும் வேண்டாம் என்றாள்.

அந்தத் தர்ப்பை உருவம் எரிந்த நேரத்தில் மேடானில் ஜெயதீபன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரமாக இருந்திருக்கும். அவள் தாலியைக் கழற்றி என் கையில் கொடுக்க வந்தாள். எனக்கு அதெல்லாம் ஒத்துக்கொள்ளாது, ஐயரிடம் கொடு என்றேன். பொட்டில்லாமல் அவள் முகம் வேறு யாரோ போல இருந்தது. தண்ணீரை இறைத்துவிட்டு, "இப்ப குடிச்சிருப்பார், என்ன சேர்?" என்று கேட்டாள். குடித்திருப்பான் என்றேன். அன்று அவள் அழுத அழுகையைக் கேட்டால் நீங்கள் என்னைத் திட்ட மாட்டீர்கள். அத்தனை வருடம் அடைத்து வைத்திருந்ததை இறக்கி வைக்க ஒருவன் வேண்டியிருந்தது.

அடுத்த கூட்டத்தில் அதே படத்தை மறுபடி காட்டினேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. கடைசி வரிசையில் அவள் இல்லை. வீட்டுக்கும் வருவதை நிறுத்திவிட்டாள். நன்றி கெட்டவர்கள் என்று பொதுவாகச் சொல்லலாம், நான் சொல்லவில்லை. ஊறப்போட்ட உளுந்தை இரண்டு ஞாயிறு கொட்ட வேண்டியிருந்தது, அதில் எனக்குக் கோபம் வந்தது, அவ்வளவுதான்.

ஜெயதீபன் செத்த விஷயம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அறை நண்பன் கேதீஸ்வரன் உங்களைத் தேடிப்பிடித்துச் சொன்னதாகச் சொல்கிறீர்கள். என்னோடு பேசிய நாளிலிருந்து ஜெயதீபன் இன்சுலின் போடுவதை மெல்ல மெல்ல விட்டுவிட்டானாம். ஊசியை எடுத்துக் கொடுத்தால் பிறகு பார்ப்போம் என்பானாம். வீடியோ காணவில்லை என்று போனைத் தட்டிக்கொண்டே இருந்தானாம். ஆறு மாதத்தில் போய்விட்டான். சர்க்கரை வியாதிக்காரன் மருந்தை விட்டால் அதற்கு டூங்கபியில் இருக்கும் ஒருவன் பொறுப்பா? நீங்கள் சட்டம் படித்தவர், யோசித்துப் பாருங்கள். அவள் செய்த கிரியையிலும் பிழையில்லை. ஆள் சரி, பெயர் சரி, கோத்திரம் சரி. தேதி மட்டும் கொஞ்சம் முந்திவிட்டது. படத்தைப் பற்றி நான் சொன்னதும் கடைசியில் பொய்யாகவில்லை, கோப்பை செத்தவனுக்கு வைத்ததுதான். அவளுக்கு எல்லாவற்றையும் நேற்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்கிறீர்கள். அது தேவையில்லாத வேலை. ஒருமுறை அழுது முடித்தவளை இரண்டாம் முறை அழவைத்தது நானில்லை.

வேறு என்ன? ஆமாம், அவள் கேட்டனுப்பிய கேள்வி. அதை மட்டும் கேட்டு வாருங்கள் என்றாள் என்கிறீர்கள். "நான் ஆரைக் கட்டினனான் எண்டு சேர் அவருக்குச் சொன்னவர்? ஆரை நினைச்சுக்கொண்டு அவர் செத்தவர்?" அப்படியே அவள் குரலில் சொன்னீர்கள், உங்கள் தமிழ் நான் நினைத்த அளவு மோசமில்லை. கேதீஸ்வரனிடம் கூட ஜெயதீபன் அந்தப் பெயரைச் சொல்லவில்லையாம்.

கேட்டான். போனை வைப்பதற்கு முன்னால் கேட்டான். "ஆர் சேர் அவர்? நல்ல மனுசனோ?" என்று.

நான்தான் என்றேன். நல்ல மனிதனா என்றதற்கு, ஆமாம் என்றேன். அவன் எனக்கு நன்றி சொன்னான். இதற்கு நீங்களாக ஏதாவது அர்த்தம் கற்பித்துக்கொண்டு போய் அவளிடம் சொல்லாதீர்கள், மிருணாளினி. அந்த நேரத்தில் வேறு யார் பெயரும் வாயில் வரவில்லை.